பிள்ளைக்கு ரத்தத்தில் ஈயம் 6: வேலூர் வீட்டுல பெயிண்ட் சுரண்டலாமா?

சத்துவாச்சாரி: அக்கா பிள்ளைக்கு 2 வயசு, அமெரிக்காவுல இருக்காங்க. விரல்ல குத்திப் பாத்ததுல ஈயம் 6. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு அனுப்பிட்டாங்க, எதுல இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கலை. பொங்கலுக்கு இங்க வர்றாங்க. வீடு 1970கள்ல கட்டினது, ஜன்னல் பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு. அதுக்குள்ள சுரண்டி அடிச்சிடலாமா? ரத்தம் இங்க எடுத்தா என்ன டெஸ்ட் கேக்கணும்?

காட்பாடி லேப்: சிடிசி (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) 2021ல 'இதுக்கு மேல போனா கவனிக்கணும்'னு வெச்ச அளவு 3.5 மைக்ரோகிராம்/டெசிலிட்டர். விரல்ல ஒட்டின தூசியே எண்ணை ஏத்திக் காட்டும், அதனால நரம்புல எடுத்து உறுதி பண்ணணும். 3.5–9 வந்தா 3 மாசத்துக்குள்ள, 10–19க்கு 1 மாசம், 20–44க்கு 2 வாரம், 45க்கு மேலன்னா 48 மணி நேரம். டாக்டர் சொன்ன கெடு சரிதான். மூலத்தைத் தேடாம விட்டதுதான் தப்பு.

இங்க எடுத்தா "ஹோல் பிளட் லெட்"னு எழுதி வாங்குங்க. ஈயம் சிவப்பணுவுக்குள்ள உக்காந்திருக்கும், சீரம்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. ட்ரேஸ் எலிமென்ட் ட்யூப் (உலோகக் கலப்பு இல்லாத ரத்தக் குழாய்), ஐசிபி-எம்எஸ் முறை (துளி உலோகத்தையும் அளக்கிற லேப் மெஷின்). நரம்பு ரத்தத்தை லெட்கேர்ங்கிற சின்ன மெஷின்ல ஓட்டினா குறைச்சுக் காட்டுதுன்னு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) 2017லயே எச்சரிச்சுது. கூடவே ஃபெரிட்டின் (உடம்புல இருக்கிற இரும்பு சேமிப்பு) பாருங்க, இரும்புச்சத்து குறைஞ்சா குடல் ஈயத்தை அதிகமா இழுக்கும். 6க்கு மருந்து கிடையாது, கீலேஷன் (மருந்து குடுத்து ஈயத்தை வெளியேத்துறது) எல்லாம் 45ல இருந்துதான். பஸ்பம், செந்தூரம் பக்கமே போகாதீங்க. சிலதுல ஈயமே சேர்மானம்.

பழைய வீடு: சுண்ணாம்புச் சுவருக்குப் பெரிசா பயம் வேண்டாம். எனாமல் அடிச்ச ஜன்னல் சட்டம், கிரில், கதவுதான் ஆபத்து, அதுலயும் மஞ்சள், பச்சை. ஜன்னலைத் திறந்து மூடுறப்ப சட்டம் உரசிப் பொடி கொட்டும். இங்க பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்ல. உரியாத இடத்தைத் தொடாதீங்க, மேலயே அடிங்க. உரிஞ்ச இடத்தைத் தண்ணி தெளிச்சு நனைச்சு, உப்புத்தாளையும் நனைச்சுத் தேய்க்கணும். காய்ஞ்சாதான் வேலை ஓடும்னு பெயிண்டர் முணுமுணுப்பார், விடாதீங்க. கிரைண்டர், தீ வெச்சு உரிக்கிறது ரெண்டும் கூடாது. கீழ பிளாஸ்டிக் ஷீட், ஃபேன் ஆஃப். பெருக்கினா பொடி பறக்கும், சோப்புத் தண்ணியில ரெண்டு தடவை துடைச்சுத் துணியைத் தூக்கிப் போடுங்க.



ரெண்டு ஊர்க்காரன்: அமெரிக்காவுல மெடிகெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு காப்பீடு) பிள்ளைங்களுக்கு 12, 24 மாசத்துல டெஸ்ட் கட்டாயம், ஆனாலும் விட்டுப்போறது நிறைய. பிரைவேட் இன்சூரன்ஸ்னா மாநிலத்துக்கு ஒரு விதி. வீட்டை வந்து பாக்க மெடிகெய்ட் காசு தரும், தண்ணியையும் மண்ணையும் லேபுக்கு அனுப்பத் தராது. பிள்ளை ரத்தத்துல ஏறின பிறகுதான் சுவரைப் பாக்கறது! கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறைக்கு அக்காவே போன் போட்டு வீட்டுச் சோதனை கேக்கட்டும். பெயிண்ட், குழாய் பாப்பாங்க. நம்ம சமையல்கட்டை நாமதான் சொல்லணும். ரசத்துக்கு ஈயச் செம்பு இருக்கா? அது வெள்ளீயமா (டின்) இருக்கணும். காரீயம் (லெட், நாம பேசுற ஈயம்) கலந்திருந்தா புளி கரைச்சு எடுத்துடும். வெள்ளைத் தாள்ல விளிம்பைத் தேய்ச்சுப் பாருங்க, பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தா சந்தேகம்தான். கோடு விழலைன்னாலும் லேப்ல பாக்காம நம்பாதீங்க.

சத்துவாச்சாரி: செம்பு இருக்கு, அம்மா இங்கேருந்து குடுத்து விட்டது. தேய்ச்சுப் பாக்கச் சொல்றேன்.

ரெண்டு ஊர்க்காரன்: முதல்ல அடுப்புல இருந்து இறக்கச் சொல்லுங்க. ரசம் எவர்சில்வர்லயும் கொதிக்கும்.