அம்மாவின் மூச்சுத் திணறல்: குடியாத்தம் பக்கம் வழிகாட்டுங்கள்

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்கு 61 வயது. புகை பிடித்ததே இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து விறகு அடுப்புதான், கூடவே பீடி சுற்றும் வேலை. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, காலையில் சளியோடு இருமல்.

வேலூரில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை) எடுத்தோம். மருந்து உறிஞ்சக் கொடுத்த பிறகும் எஃப்இவி1, எஃப்விசி விகிதம் (முதல் நொடியில் ஊதும் காற்றுக்கும் மொத்தமாக ஊதும் காற்றுக்கும் உள்ள விகிதம்) 0.58. அது 0.70-க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு, இது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றார் டாக்டர். பீடி குடிக்காதவருக்கு எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வருடக்கணக்கான விறகுப் புகையே போதும்.

இன்ஹேலரோடு நுரையீரலுக்கான உடற்பயிற்சி சிகிச்சையும் வேண்டுமாம். குடியாத்தம், காட்பாடி பக்கம் இதைச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா? அடிக்கடி பஸ் ஏற அம்மாவால் முடியாது. அப்புறம், வயதானவர்களை ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து இன்ஹேலர் எடுக்கப் பழக்கியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.