விடிகாலையில் கட்டிலருகே விழும் முதியவர்கள்: தடுப்புக் கம்பி போடலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் இல்லத்தில் 14 முதியவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணிக்கு ஒரே ஒருவர். இரண்டு மாதத்தில் ஐந்து பேர் விழுந்துவிட்டார்கள். அதில் நான்கு பேர் விழுந்தது விடிகாலை 4 முதல் 6 மணிக்குள், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே. எல்லாக் கட்டிலுக்கும் இருபுறமும் தடுப்புக் கம்பி போட்டுவிடலாம் என்கிறது நிர்வாகம். அது சரிவருமா?

பதில் 1:
கம்பி வேண்டாங்க. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு எழுந்திருக்கிறவர் கம்பியைப் பார்த்துட்டுப் படுத்துக்க மாட்டார், அது மேல ஏறி இறங்கப் பார்ப்பார். மெத்தை உயரத்துல இருந்து விழ வேண்டியவர் இன்னும் மேல இருந்து விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவுல கழுத்து மாட்டிக்கிற ஆபத்தும் உண்டு.

காரணம் உங்க கேள்வியிலேயே இருக்கு, பாத்ரூம்தான். மூணு ராத்திரி யார் எத்தனை மணிக்கு எழுந்துக்கறாங்கன்னு குறிச்சு வைங்க. அதுக்கு அரைமணி முன்னாடி பணியாளரே போய்க் கூட்டிட்டுப் போகட்டும். தள்ளாடுறவருக்குக் கட்டிலை ஒட்டியே கமோடு நாற்காலி, அவருக்கு வலுவான பக்கமா. நீர் பிரியற மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கறீங்கன்னா, காலைக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அடுத்தது பி.பி. 5 நிமிஷம் படுக்க வெச்சு ஒரு தடவை, நின்ன 1வது நிமிஷம், 3வது நிமிஷம் மறுபடி பாருங்க. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைஞ்சா, எழுந்ததும் தலை சுத்தி விழறது அதனாலதான் இருக்கும். அவங்க கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, பாதத்தைப் பத்து தரம் மேலும் கீழும் ஆட்டிட்டுத்தான் நிக்கணும். தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கிற அலர்ஜி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை யார் யாருக்குன்னு பட்டியல் போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, தூக்க மாத்திரையைத் திடீர்னு விட்டா வேற வம்பு வரும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு கட்டில் உயரத்தையும் அளந்து பாருங்கள். அவர் ஓரத்தில் உட்கார்ந்து, மெத்தை அமுங்கிய பிறகு, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடத் துளி மேலே இருக்கலாம். விளிம்பு தொய்ந்த மெத்தையில் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே கீழே வந்துவிடுவார், அதை மாற்றத்தான் வேண்டும்.

வாக்கர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் ஒட்டி. செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடி ரப்பரைக் கவிழ்த்துப் பாருங்கள்: வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் அன்றே மாற்றுங்கள். கைத்தடி என்றால் வலுவில்லாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.

பல இடங்களில் நடக்கும் ஒரு கூத்து: தரை துடைப்பவர் வாக்கரைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ராத்திரி அதைத் தேடிக் கைநீட்டும்போதுதான் ஆள் விழுவார். சக்கர நாற்காலியில் பிரேக் மட்டும் போதாது, கால்தட்டையும் மடக்கிவிட வேண்டும். தட்டின் மேல் ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கம் குப்புறக் கவிழும்.

பதில் 3:
பாத்ரூமில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துத்தான் எழுவார்கள், அது ஆள் எடையைத் தாங்காது. காற்றழுத்தத்தில் ஒட்டும் பிடிகளும் வேண்டாம். சுவரில் துளையிட்டு முடுக்கிய கைப்பிடிதான், அதுவும் சுவரின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் நிறத்தில். கட்டிலிலிருந்து கமோடு வரை தரையோரமாக, ஆள் அசைந்தால் எரியும் மங்கலான விளக்குகள். கருப்பு மிதியடி போடாதீர்கள்; மறதிநோய் உள்ளவருக்கு அது பள்ளமாகத் தெரியும், தாண்டப் போய் விழுவார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கம்பி யோசனையைக் கைவிடச் சொல்கிறேன். ஒருவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார். யார் விழுந்தாலும் உடனே தூக்கி உட்கார வைக்கிறோம், அது சரியா?

பதில் 1:
உடனே தூக்காதீங்க. முதல்ல பேச்சு கொடுங்க. தலை, கழுத்து, இடுப்புல வலி இருக்கான்னு கேளுங்க. ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தா இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கலாம், அசைக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அந்த மாத்திரை சாப்பிடறவருக்குத் தலையில அடிபட்டா, பார்க்க நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். ரத்தக் கசிவு மெதுவா, மணிக்கணக்கு கழிச்சுக்கூடத் தெரியலாம்.

பதிவேட்டுல "வழுக்கி விழுந்தார்"னு மட்டும் எழுதி முடிச்சிடாதீங்க. எதுக்காக எழுந்தார், கால்ல என்ன போட்டிருந்தார், விளக்கு எரிஞ்சுதா, கடைசியா எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, இந்த நாலும் கண்டிப்பா இருக்கணும்.