சர்க்கரை நம் ரத்தத்தில் இருக்கிறது என்றால் நடந்து என்ன பயன்? என் அனுபவம்

எங்கள் வீட்டில் அப்பத்தா, அப்பா, இரண்டு அத்தைகள் எல்லாருக்கும் சர்க்கரை. போன வருடம் 38 வயதில் எனக்கும் வெறும் வயிற்றில் 112, மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.1 சதவீதம். பயத்தில் எச்சில் மாதிரி அனுப்பி மரபணு சோதனை செய்தேன். சர்க்கரை நோயோடு தொடர்புள்ள டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் அம்மா வழி, அப்பா வழி இரண்டுமே ஆபத்தான வகை என்று அறிக்கை வந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

மருத்துவர் அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் நடந்த சர்க்கரைத் தடுப்பு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 3,000 பேருக்கு மேல் கலந்துகொண்டது. இதே ஆபத்தான மரபணு வகை உள்ளவர்களில் எதுவும் மாற்றாதவர்களுக்குத்தான் சர்க்கரை வேகமாக வந்தது. சாப்பாட்டைத் திருத்தி வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களிடம் அந்த வேகம் நன்றாகவே அடங்கியிருந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு சர்க்கரை வரும் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைக் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. 3 ஆண்டில் வழக்கம்போல இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்து, உணவைத் திருத்தியவர்களில் 39 சதவீதம். “அவங்களுக்கு எடை பெருசா குறையல, அப்பவும் பலன் கிடைச்சுது” என்றார். தொப்பை குறையவில்லையே என்று நடையை இரண்டு தடவை விட்டவன் நான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கினேன். நாலு இட்லி, சாம்பார், அப்புறம் நாற்காலி: இரண்டு மணி நேரம் கழித்து 176. மறுநாள் அதே நாலு இட்லி, மொட்டை மாடியில் 20 நிமிடம் நடை: 139. விரல் நுனியில் அந்தச் சொட்டு ரத்தத்தோடு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது மூன்று வேளையும் சாப்பிட்டதும் நடை, வாரம் இரண்டு நாள் டம்பெல். தசைதான் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும் இடம். பத்து மாதத்தில் சராசரி 5.7.

*

அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக் கதை இதற்கு நேர் எதிர்.

என் அண்ணன் 29 வயதில் கபடி ஆடும்போதே சரிந்து விழுந்தான். இதயத் தசை தடித்திருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. பரம்பரையாக வரக்கூடியது என்பதால் வீட்டில் எல்லாருக்கும் எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அது இதயத்தைப் பாதிக்கலாம் என்று 2009இலேயே ஆய்வு வந்திருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு மூச்சு முட்டாத நடை மட்டும்தான். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. ஓட்டம், கனமான எடை இரண்டும் கூடாது. வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருந்தால், ஜிம்மில் சேரும் முன் தயவுசெய்து ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.

அண்ணன் மகனுக்கு 14 வயது. கபடி டீமில் சேர்த்துவிடு சித்தப்பா என்கிறான். இதுவரை எக்கோ சரியாக இருக்கிறது. அடுத்தது வைகாசியில்.