எம்சிஏ (நடுப் பெருமூளைத் தமனி) சுவர் 3 டெஸ்லா எம்ஆர்ஐயில் பிடிபடவில்லை. 7 டெஸ்லாவுக்குப் போனால் தெரியுமா?

ஸ்கேன்மேசை:
வணக்கம். மூளைத் தமனிகளின் சுவரைப் பார்க்க 3 டெஸ்லாவில், 32 சேனல் ஹெட் காயிலில் டி1 ஸ்பேஸ் (ரத்தத்தைக் கறுப்பாக்கிச் சுவரைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கிறோம். வாக்சல் (படத்தின் மிகச்சிறிய கனத்துண்டு) 0.55 மிமீ. கான்ட்ராஸ்டுக்கு (ஊசியில் ஏற்றும் ஒளிர்வு மருந்து) முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை. பேசிலர், கரோடிட்டின் மேல்முனை எல்லாம் நன்றாக வருகிறது. சிக்கல் எம்சிஏவின் எம்1 என்ற தொடக்கப் பகுதியில்தான். டிஓஎஃப்பில் (ஓடும் ரத்தத்தை வெள்ளையாகக் காட்டும் ஸ்கேன்) சுருக்கம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் சுவரின் வெளிவிளிம்பு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆராய்ச்சிக்காக 7 டெஸ்லாவில் நேரம் கிடைக்கும் போலிருக்கிறது. வாக்சலை 0.4 ஆக்கினால் போதுமா, வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்? எம்1-இலிருந்து கிளம்பும் மெல்லிய லென்டிகுலோஸ்ட்ரையேட் தமனிகளையும் அதே தடவையில் பார்க்க வேண்டும்.

லார்மர்298:
வாக்சல் மட்டும் போதாது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 0.55-இலிருந்து 0.4-க்கு வந்தால் வாக்சலின் கன அளவு 2.6 மடங்கு குறைகிறது. 3-இலிருந்து 7 டெஸ்லாவுக்குப் போவதால் வரும் சிக்னல் லாபம் தோராயமாக 2.3 மடங்கு. ஆக, கூடுதலாகக் கிடைத்ததெல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது. அதோடு 7 டெஸ்லாவில் டி1 (திசு மீண்டும் சிக்னல் தரத் தயாராகும் நேரம்) நீளும். பழைய டிஆரையே (அடுத்தடுத்த தூண்டல்களுக்கு இடையிலான நேரம்) வைத்தால் இன்னும் இழப்பீர்கள்.

உங்கள் படத்தில் வெளிவிளிம்பு தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் மூளைத் தண்டுவட நீர்தான். ஆரோக்கியமான எம்1 சுவர் 0.2 முதல் 0.3 மிமீ தடிமன். நீங்கள் எந்த வாக்சல் போட்டாலும் அதைவிட மெலிது. உள்ளே ரத்தமும் வெளியே நீரும் இரண்டுமே கறுத்தால்தான் நடுவில் அந்தக் கோடு நிற்கும். ரத்தம் மட்டும் கறுத்து நீர் சாம்பல் நிறத்தில் நின்றால் சுவர் அதோடு கரைந்துபோகும். எக்கோ டிரெய்னின் (ஒரு தூண்டலில் வரும் சிக்னல் வரிசை) முடிவில், நீரின் சிக்னலைக் குறைக்கும் ஃபிளிப்-டவுன் பல்ஸ் சேர்க்க முடிந்தால் சேருங்கள். டான்டே (நகரும் திரவத்தின் சிக்னலை அடக்கும் பல்ஸ் தொடர்) இருந்தால் இன்னும் நல்லது. ரத்தம், நீர் இரண்டையும் அடக்கும். இதை 3 டெஸ்லாவிலேயே முதலில் செய்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

இன்னொன்று, கன்சோலில் இன்டர்போலேஷன் (இடைப்புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்புவது) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் 0.4 என்று எழுதியிருக்கும், உண்மையில் எடுத்தது 0.8 ஆக இருக்கும்.

7 டெஸ்லாவில் பெரிய தலைவலி பி1, அதாவது ரேடியோ அலைப் புலம். 298 மெகாஹெர்ட்ஸில் மூளைக்குள் அலைநீளம் 12 செமீ அளவுதான். தலையின் நடுவில் ஃபிளிப் ஆங்கிள் (பல்ஸ் காந்தமாக்கலைச் சாய்க்கும் கோணம்) அதிகம். டெம்போரல் மடலிலும் சிறுமூளையிலும் பாதிக்குக்கூட இறங்கும். ஒற்றை டிரான்ஸ்மிட் காயில் என்றால் டைஎலக்ட்ரிக் பேட் (ரேடியோ அலையைச் சீராக்கும் திண்டு) வையுங்கள்: கால்சியம் டைட்டனேட் கலவை என்றால் சுமார் 10 மிமீ தடிமன், பேரியம் டைட்டனேட் என்றால் 5 மிமீ போதும். கனநீரில் குழைத்ததாக இருக்க வேண்டும். சாதாரண நீரில் குழைத்தால் பேடே படத்தில் வெள்ளையாக வரும். காதை ஒட்டி, கொஞ்சம் கீழே தள்ளி வையுங்கள். பேட் வைத்த பிறகுதான் ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குதல்), பி1 மேப், பவர் காலிபரேஷன். வரிசை மாறினால் பேட் வைத்ததற்கே பலன் இல்லை. இன்வெர்ஷன் பல்ஸ் எதுவாக இருந்தாலும் அடியபாட்டிக்காக (பி1 மாறினாலும் சீராகத் திருப்புவது) இருக்கட்டும்.

எஸ்ஏஆர் (உடல் உறிஞ்சும் ரேடியோ ஆற்றல்) புலவலிமையின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 5.4 மடங்கு. தலைக்கு வரம்பு கிலோவுக்கு 3.2 வாட். 3 டெஸ்லா புரோட்டோகாலை அப்படியே ஏற்றினால் இயந்திரம் மறுத்துவிடும். ரீஃபோகஸிங் ஆங்கிளைக் குறையுங்கள், டிஆரை நீட்டுங்கள்.

நியூரோ_வாசிப்பு:
மேலே சொன்னதெல்லாம் சரி. படிக்கிறவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள், ஏனென்றால் படம் கூர்மையாகும்போது தவறாகப் படிப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

எம்1-ஐ ஒட்டி ஓடும் சிரைகள் கான்ட்ராஸ்டுக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் பளிச்சிட்டு, அப்படியே பிளாக் (சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு) போலத் தெரியும். தமனியின் குறுக்குவெட்டில் மட்டும் பார்க்காதீர்கள். நீளவாக்கில் ரீஃபார்மேட் செய்து பின்தொடருங்கள். சிரை என்றால் அது தமனியை விட்டுப் பிரிந்து போகும். எஸ்டபிள்யூஐ (சிரைகளைக் கறுப்பாகக் காட்டும் ஸ்கேன்) இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, மெதுவான ரத்த ஓட்டம். சுருக்கத்துக்கு அப்பாலும், பக்கவழித் தமனிகளிலும், அனியூரிசத்தின் (தமனிச் சுவர் புடைத்த இடம்) உட்புறத்திலும் ரத்தம் முழுதாகக் கறுக்காது. கான்ட்ராஸ்ட் கலந்ததும் சுவரே ஒளிர்வது போலிருக்கும். அனியூரிசத்தில் சுவர் ஒளிர்வை நிலையின்மையின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் முன் இதை விலக்கியே ஆக வேண்டும். டான்டே போட்டும் போடாமலும் எடுத்து ஒப்பிடுவது நேர்வழி.

ஒளிர்வு ஒரு பக்கம் தடித்து நின்றால் பெரும்பாலும் அதிரோஸ்கிளிரோசிஸ் (கொழுப்புப் படிவு நோய்). சுற்றிலும் சமமாக, வழுவழுப்பாக இருந்தால் வாஸ்குலைட்டிஸை (ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சி) யோசிக்கலாம். ஆர்சிவிஎஸ்ஸில் (மூளைத் தமனிகள் தற்காலிகமாக இறுகும் நோய்) சுவர் தடித்திருக்கும், ஒளிர்வு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். மோயாமோயாவில் (மூளைத் தமனிகள் படிப்படியாக அடைபடும் நோய்) தமனியின் வெளிவிட்டமே சுருங்கியிருக்கும். அதனால்தான் வெளிவிளிம்பு தெரிவது இவ்வளவு முக்கியம். ஆனால் விதிவிலக்குகள் நிறைய. ரத்தக் கிளாட்டை இழுத்தெடுத்த தமனியில் வாரக்கணக்கில் சுற்றிலும் ஒளிர்வு நிற்கலாம். வயதானவர்களுக்கு வெர்ட்டிப்ரல் தமனி டியூராவுக்குள் (மூளையின் வெளியுறை) நுழையும் இடத்தில் வாசா வாசோரம் (சுவருக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள்) காரணமாக ஒளிரும். அது நோயல்ல.

தடிமனை மிமீயில் எழுதி ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். வாக்சலைவிட மெலிந்த எதுவும் ஒரு வாக்சல் தடிமனாகத்தான் தெரியும்.

ஸ்கேன்மேசை:
நன்றி சார், நன்றி மேடம். இன்டர்போலேஷனை இன்றே பார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள்: எந்த வரிசையில் எடுப்பது? ஸ்டென்ட், அனியூரிசம் கிளிப் உள்ளவர்களை ஏற்றலாமா?

லார்மர்298:
கிளிப், ஸ்டென்ட் எதுவானாலும் "3 டெஸ்லாவில் கண்டிஷனல்" (நிபந்தனையோடு பாதுகாப்பானது) என்ற சீட்டு 7 டெஸ்லாவுக்குச் செல்லாது. அந்த மாடல் 7 டெஸ்லாவிலேயே சோதிக்கப்பட்டதாக ஆவணம் இல்லையென்றால் ஏற்றாதீர்கள். அலைநீளம் குறைவதால், சூடேறும் ஆபத்துள்ள உலோகத்தின் நீளமும் குறைகிறது; 3 டெஸ்லாவில் பயமில்லாத 6, 7 செமீ கம்பி இங்கே ஆபத்தாகலாம். பல்லுக்குப் பின்னால் ஒட்டிய கம்பியையும் மறக்காமல் கேளுங்கள். மேசையை மெதுவாக உள்ளே விடுங்கள். வேகமாக நகர்த்தினால் தலை சுற்றும், சுற்றினால் ஆள் அசைவார்.

வரிசை: லோக்கலைசர், ஷிம், பி1 மேப், உடனே கான்ட்ராஸ்டுக்கு முந்தைய சுவர் ஸ்கேன். எட்டுப் பத்து நிமிடம் ஓடும் அதைக் கடைசியில் வைத்தால் நோயாளி களைத்து அசைவார்; அரை மிமீ அசைவே படத்தைக் கெடுத்துவிடும். அடுத்து டிஓஎஃப். 7 டெஸ்லாவில் திசுவின் டி1 நீளம் என்பதால் பின்னணி நன்றாக அடங்கும், 0.3 மிமீ வாக்சலில் லென்டிகுலோஸ்ட்ரையேட்கள் கான்ட்ராஸ்ட் இல்லாமலே கிடைக்கும். சிரைக்கான சாச்சுரேஷன் பல்ஸுக்கு எஸ்ஏஆர் இடம் கொடுக்காமல் போகலாம். அப்போது சிரைகளும் கொஞ்சம் வெள்ளையாக வரும், எம்ஐபி (அதிகம் ஒளிரும் புள்ளிகளை மட்டும் சேர்த்த படம்) போடும்போது வெட்டிவிடுங்கள்.

அதன் பிறகு கான்ட்ராஸ்ட், கிலோவுக்கு 0.1 மில்லிமோல். காடோபியூட்ரால் என்றால் 60 கிலோ ஆளுக்கு 6 மிலி. ஐந்து நிமிடம் கழித்து அதே சுவர் ஸ்கேன், ஒரு பாராமீட்டரும் மாறாமல். கழித்தல் படம் போடும் முன் இரண்டையும் ரிஜிஸ்டர் செய்யுங்கள்; இல்லையென்றால் விளிம்பெல்லாம் போலி ஒளிர்வாக வரும்.

நியூரோ_வாசிப்பு:
இன்னொன்று: முதல் சில பேருக்கு 3 டெஸ்லாவிலும் சில நாள் இடைவெளிக்குள் எடுத்துவிடுங்கள், நீர் அடக்கத்தைச் சரிசெய்த புரோட்டோகாலில். கான்ட்ராஸ்டை 7 டெஸ்லாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழே இருப்பவர்களை இந்த ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டாம்.