மெஸ்ஸை விட்டுவிட்டு அறையிலேயே சமைக்கலாமா? (லாஸ்பேட்டை)

கேள்வி

வணக்கம். சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். இந்த வருஷம் புதுச்சேரியில் பி.எஸ்சி. சேர்ந்து, லாஸ்பேட்டையில் இன்னொரு பையனோடு அறை எடுத்திருக்கிறேன். மெஸ்ஸில் மாதம் 3,500 ரூபாய் முன்கூட்டியே கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் திங்கள் காலை வந்தாலும் அந்த நாட்களுக்குக் கழித்துக்கொள்ள மாட்டார்கள். சாம்பார் தண்ணீராக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இரவு எட்டரைக்கு மேல் போனால் சோறே இருப்பதில்லை. அப்பா அனுப்பும் காசை நினைத்தால் மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரர் கேஸ் கூடாது, இண்டக்ஷன் என்றால் சரி என்கிறார். எனக்கு ஆம்லெட் தவிர ஒன்றும் தெரியாது. மூன்று வேளையும் சமாளிக்க முடியுமா?

பதில் 1

மூன்று வேளையும் வேண்டாம் தம்பி. காலாப்பட்டில் படித்தபோது மூன்று வருஷம் நானே சமைத்தேன், அப்படி ஆரம்பித்த என் நண்பர்கள் எல்லாரும் இரண்டாவது வாரமே விட்டுவிட்டார்கள், காரணம் சமையல் இல்லை, காலையில் வகுப்புக்கு ஓடும்போது கழுவாமல் கிடக்கும் ராத்திரிப் பாத்திரம். மதியம் கல்லூரி கேண்டீனில் சாப்பிடு. இரவு ஒரு தடவை மட்டும் சமை. இரண்டு பேருக்கு இரவுக்கும் காலைக்கும் சேர்த்து அரைக் கிலோ அரிசி தாராளம். சாப்பிட்டதுபோக மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வை, காலையில் பான்லே தயிரும் நாலு சின்ன வெங்காயமும் போதும். துவரம்பருப்பைவிடப் பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும், அரிசியோடு தக்காளி, மஞ்சள்தூள் போட்டு ஒரே குக்கரில் வைத்துவிடலாம். அம்மாவிடம் புளிக்காய்ச்சல் கேள், நல்லெண்ணெய் தாராளமாக விட்டது என்றால் இந்தக் கடற்கரைப் புழுக்கத்திலும் கெடாது. தேங்காய்ச் சட்னியை மட்டும் மறந்துவிடு, காலையில் அரைத்தது சாயங்காலம் வாடை வந்துவிடும்.

பதில் 2

அடுப்பு வாங்குவதற்கு முன் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைப் பாருங்கள். 2000 வாட் இண்டக்ஷன் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும், சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். எங்கள் அறையில் இது தெரியாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, பாக்ஸ் உருகிப் புகை வந்தது, நல்லவேளை ஆள் இருந்தோம். 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதுவரை 1200 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். வீட்டிலிருந்து சாதாரண அலுமினியக் குக்கரைத் தூக்கி வந்தால் சூடே ஏறாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து எடுத்து வாருங்கள். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதையும் இப்போதே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள், பிறகு சண்டை வரும்.

பதில் 3

ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் ஒரு வாரக் காயை மொத்தமாக வாங்காதே கண்ணா. உருளை, கருணை, பூசணி தாங்கும். கீரையை அன்றன்றைக்கு வாங்கு. பெரிய மார்க்கெட்டில் விலை குறைவுதான், ஆனால் இரண்டு பேர் சாப்பாட்டுக்காக லாஸ்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் போவது வீண், தெருவில் வரும் வண்டியே போதும். வாராவாரம் ஊருக்குப் போகிறாயே, அரிசி, மிளகாய்த்தூளை அங்கிருந்தே கொண்டுவா. என் மகனுக்கும் அப்படித்தான் கொடுத்தனுப்பினேன்.

கேட்டவர்

நன்றி அண்ணா, அம்மா. இப்போதுதான் பார்த்தேன், எங்கள் அறையில் இருப்பது சின்ன பாயிண்ட்தான், நாளைக்கு வீட்டுக்காரரிடம் கேட்கிறேன். புளிக்காய்ச்சலுக்கு வீட்டில் சொல்லியாகிவிட்டது. இந்த மாதம் மெஸ்ஸுக்குக் கட்டிவிட்டதால் அடுத்த மாதத்திலிருந்து தொடங்குகிறோம்.