மிளகாய் சாஸ் ஆறியதும் இறுகிவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
சிவப்பு மிளகாய் 200 கிராம், பூண்டு 6 பல், சர்க்கரை 150 கிராம், வினிகர் ஒரு கப், உப்பு ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் அரைத்து ஒன்றாகக் கொதிக்க வைத்தேன். தண்ணீராகவே ஓடியதால் இன்னும் 20 நிமிடம் விட்டேன். ஆறிய பிறகு ஸ்பூனை நட்டால் அப்படியே நிற்கிறது. லேசான கசப்பு வேறு. எங்கே தவறினேன்?

பதில் 1:
சர்க்கரை சேர்ந்தது எதுவும் சூட்டில் நீர்த்துத்தான் தெரியும். நான் ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்ப்பேன். மெதுவாக வழிந்தால் உடனே அடுப்பை அணைத்துவிடுவேன். கசப்பு, அடியில் கருகிய சர்க்கரையால் வந்திருக்கும். முதலில் மிளகாயையும் பூண்டையும் வினிகரில் வேகவைத்து அரையுங்கள், சர்க்கரையைக் கடைசியில் போடுங்கள்.

பதில் 2:
அவர் சொன்னது சரி. காரத்தைக் குறைக்க விதையை மட்டும் எடுத்தால் போதாது. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் அதிகம். வினிகரை மட்டும் குறைக்காதீர்கள். பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருப்பது முக்கியம், சாஸ் கெடாமலிருப்பதே அந்தப் புளிப்பால்தான். எப்படியானாலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! இறுகியதில் கொஞ்சம் வினிகரும் வெந்நீரும் விட்டு இளந்தீயில் கிளறினேன், இளகிவிட்டது. கசப்பு மட்டும் போகவில்லை. அடுத்த முறை தட்டோடு நிற்கிறேன்.