கடலோர வீடு, கருப்பு கார்: வாக்ஸ் நானே போடலாமா?

முட்டத்துக்காரன்: கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. காலையில் பானெட்டைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டுகிறது. வாக்ஸ் போட்டால் தாங்குமா?

நாகர்கோவில் அண்ணாச்சி: தாங்கும் தம்பி. முதலில் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவிவிடுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால், அதுவும் கருப்பு காரில், கீறல் பளிச்சென்று தெரியும். அப்புறம் ஷாம்பு தண்ணீர் தெளித்து, சொரசொரப்பு போகும்வரை கிளே பாரால் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேயுங்கள். நிழலில், பாடி சூடு ஆறியதும் வாக்ஸை மெல்லிசாகப் பூசுங்கள். தடியாகப் பூசினால் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

குளச்சல்வாசி: கார்னாபா (பனை வகை மரத்தின் இலையில் கிடைக்கும் வாக்ஸ்) மினுமினுக்கும், ஆனால் நம்ம வெயிலில் சீக்கிரம் போய்விடும். சிந்தெடிக் சீலன்ட், அதாவது வாக்ஸுக்குப் பதில் பூசும் செயற்கைப் பூச்சு, கூடுதல் நாள் நிற்கும்.

முட்டத்துக்காரன்: சரி, சீலன்டே வாங்குகிறேன். கதவின் அடியில் லேசாகத் துரு தெரிகிறதே?

நாகர்கோவில் அண்ணாச்சி: அதை வாக்ஸ் நிறுத்தாது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளில் மணல் அடைத்திருக்கும், ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். துருவைத் தேய்த்து பிரைமர் அடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.